கொக்குக் கம்பெனியின் சட்டை

1994ஆம் வருடம் மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, தண்டவாளம் பிடுங்கப்பட்டுப் பதினைந்து வருடமாகிவிட்ட வின்டல் ஊரிலிருந்து, மதியம் இரண்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய சரக்கு ரயில் நான்கு நிமிடம் தாமதமாக மேற்கே புறப்பட்டது. அறுபத்திரண்டு பெட்டி, பெரும்பாலும் நிலக்கரி, கொஞ்சம் ஜன்னல் கண்ணாடி. தாமதத்துக்குக் காரணம் என்ஜின் டிரைவர் ஸ்டான் கோவாலிக். பல்செட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, எடுக்கத் திரும்பிப் போனான். வேறு குறை எதுவும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் வந்துகொண்டிருந்த பிட்ஸ்பர்க் தம்பதி ஒன்று, பின்னாலிருந்து காற்று தள்ளியதாகவும், ஓரமாக நின்று வழி விட்டதாகவும் சொன்னது.

எல்லாம் சட்டையால் வந்தது. ஒஹாயோ பக்கமிருந்து கர்ட் வெய்மர் என்ற ஒருவன் வந்து, பழைய சரக்குக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, மூடிப்போன ரயில் கம்பெனிகளின் முத்திரைகளை அச்சடித்த பனியன் சட்டை, தொப்பி, மேல்கோட்டு விற்க ஆரம்பித்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. பென்சில்வேனியாவில் செத்த கம்பெனிகளுக்கா பஞ்சம்? பாயும் மான் ஒன்று, கலங்கரை விளக்கம் ஒன்று, சிறகு முளைத்த சக்கரம் ஒன்று என்று சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தான். ஊரின் சொந்தக் கம்பெனி பென் லேக்ஸ். சிவப்பு டயமண்டுக்குள் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு அதன் முத்திரை. வின்டலில் யாரும் பென் லேக்ஸ் என்று சொன்னதில்லை, கொக்கு என்றுதான் சொல்வார்கள். கொக்கில் வேலை, கொக்கு கொடுத்த கடிகாரம், கொக்கு மூடியதில் போன வாழ்க்கை.

சனிக்கிழமைகளில் கேமராவோடு வரும் ரயில் பைத்தியங்கள் அந்தச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வீடு போய்ச் சேரும்போது அவர்கள் பையில் இரண்டு கைப்பிடி கரித்தூள் இருக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கு அதில் சந்தோஷமே. மெதடிஸ்ட் போதகர் மட்டும் அழகாக இருக்கிறதே என்று மான் சட்டையைப் போட்டார். மான் கம்பெனி இந்த ஊருக்கு முந்நூறு மைல் பக்கத்தில்கூட வந்ததில்லை. மான் கம்பெனி ரயிலுக்கு வரச் சொல்லி டெலிபோன் அடித்தது, போனார், மூன்றாம் நாள் இண்டியானாவிலிருந்து பேசி, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அவருடைய பிரசங்கம் கொஞ்சம் சுருங்கியது. சபைக்கு அதில் வருத்தமில்லை.

கொக்கில் உண்மையாகவே வேலை பார்த்தவர்கள் கொக்குச் சட்டையைப் போட்டால் கதை வேறு. இரண்டு நாளுக்குள் வீட்டு டெலிபோன் அடிக்கும். எடுத்தால் மைலோ பாஸ்கோவின் மூக்குக் குரல். ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் உத்தியோகம் பாஸ்கோவுடையது. 1968இல் செத்துப்போனவர். "எம்லின் ப்ராசர்? ரெண்டு பத்து, மேற்கு. வர்றியா?" என்றார். எம்லின், வயது எழுபது, கொக்கில் சரக்கு வண்டிகளுக்குப் பொறுப்பான கண்டக்டராக இருந்தவன், பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தெருவை முறைத்துக்கொண்டிருந்தவன், "வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு பிளாஸ்க்கில் காபி ஊற்றினான். யார் பேசியது, எந்த ரயில், எந்தத் தண்டவாளம் என்று ஒரு கேள்வி கிடையாது. கூப்பிட்டால் போக வேண்டும். வின்டல் ஆண்களை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

அவன் மனைவி ஆர்டித், பாத்திரம் துலக்கும் தொட்டியில் கையை வைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் திரும்ப வந்ததில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அது எங்கே போகிறது என்பதில்தான் இருந்தது சந்தேகம்.

அது ஹார்லன் பாயின்ட்டுக்குப் போகிறது. நூற்றுப் பன்னிரண்டு மைல் தள்ளி, ஏரிக்கரையில். அந்தப் பக்கம் போகும் ஆட்கள் ஓட்டிலி பிராண்ட் என்பவளின் விடுதியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கிழக்கு வண்டியில் திரும்புவார்கள். 1946இலிருந்து கம்பெனி மூடிய 1976 வரைக்கும் எம்லின் தன் ராத்திரிகளில் பாதியை அந்த வீட்டில் கழித்தான். இந்த வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாதவன் அந்த வீட்டில் என்ன செய்தான் என்று ஆர்டித்துக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நூல்தான். கிழிந்த சட்டையோடு போவான். திரும்பி வரும்போது கிழிசல் நீல நூலால் தைக்கப்பட்டிருக்கும், எறும்பு வரிசை போட்டதுபோல நெருக்கமாக, ஒழுங்காக. வேறு ஒரு பெண்ணின் கை. ஆர்டித் ஒன்றும் கேட்டதில்லை. உட்கார்ந்து அந்த நீல நூலை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டு, கறுப்பு நூலால் தைத்து மறுபடி மாட்டிவிடுவாள். முப்பது வருடம் இந்தச் சண்டை நடந்தது. நடுவில் இருந்தவனுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரிந்ததாகத் தெரியவில்லை.

இப்போது, ஜூன் மாதம் இரண்டாவது நடைக்குப் பிறகு, துவைக்கப் போட்ட கொக்குச் சட்டையின் கைமடிப்பில் நீல நூல் இருந்தது. கொக்கின் அலகுக்குப் பக்கத்தில் புளூபெர்ரிப் பழக் கறை. ஆர்டித் அந்த வருடம் புளூபெர்ரி வாங்கவே இல்லை.

நேரே சரக்குக் கொட்டகைக்குப் போனாள். வெய்மர் அச்சுச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மையில என்ன கலக்கிற?" என்றாள்.

"சத்தியமா சாதாரண மைதாங்க. ரெண்டு துவைப்புல வெளுக்குதுன்னு ஏற்கனவே எல்லாரும் திட்டுறாங்க. நீங்களுமா?"

"நீ எந்தூரு? இங்க உனக்கு யாரத் தெரியும்? ஹார்லன் பாயின்ட்ல உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"ஹார்லன் பாயின்ட்டா? அது எங்கங்க இருக்கு?"

தெரியாதவன்போல முழித்தான். தெரியாதவன்போல முழிக்கிறவனை ஆர்டித் வாழ்நாளில் ஒருபோதும் நம்பியதில்லை. ஊர்சபையிலும் இவனைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. ஒரு சட்டையை ஹாரிஸ்பர்க்குக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். மையில் மை இருக்கிறது, துணியில் பருத்தி இருக்கிறது என்று பதில் வந்தது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒன்றுமே இல்லை என்று இவ்வளவு சீக்கிரம் எழுதுகிறார்கள் என்றால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஸ்டானின் மனைவி டெல்லா பக்கத்து வீடு. இருவரும் கொடியில் துணி காயப்போடும்போது பேச்சு வந்தது.

"ரயில் போயிட்டு வந்தா வந்துட்டுப் போகட்டும் விடுடி," என்றாள் டெல்லா. "என் ஆளு வீட்ல இருந்தா குளிர்பெட்டியையே திறந்து திறந்து பார்த்துக்கிட்டு இருப்பான். இப்ப ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி எனக்கு நிம்மதி. உன் ஆளு விசில் அடிச்சுக்கிட்டுப் படி இறங்குறானே, பாக்கவே நல்லா இருக்கு."

"அந்த விசில்தான்டி எனக்குப் பிடிக்கல. எழுபது வயசுல எவன் காரணமில்லாம விசில் அடிப்பான்?"

"ஐயோ, அந்த ஓட்டிலி செத்தே பதிமூணு வருஷம் ஆச்சு. அந்த வீடும் எரிஞ்சு போச்சு."

"பாஸ்கோவும்தான் செத்துட்டாரு. போன் பண்ணலையா?"

டெல்லா ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள்.

ஆர்டித் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அவளுடைய சந்தேகத்துக்கு அடியில் அது கிடந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வின்டலில் பெண்கள் சர்ச்சில் பொய் சொல்லமாட்டார்கள், டெலிபோனில் சொல்வார்கள். முப்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் புருஷன் கட்டிலில் விழுந்து கிடக்கும்போது பாஸ்கோவின் போன் வரும். பெண்டாட்டி எடுத்து, மீன் பிடிக்கப் போயிருக்கார், எந்த ஆத்துக்குன்னு சொல்லல என்பாள். பாஸ்கோவுக்கும் தெரியும், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்த ஊரில் கல்யாணம் ஆன பெண் முதலில் கற்றுக்கொள்வது ரொட்டி சுடுவதை அல்ல, இந்தப் பொய்யைத்தான். 1951 பிப்ரவரியில் அவர்களுடைய ஒரே குழந்தை நெஸ்டாவுக்குக் கக்குவான் இருமல். வயது பதினான்கு மாதம். ஆர்டித் மூன்று நாள் தூங்காமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் மதியம் டெலிபோன் அடித்தது. எடுத்தாள். அசதியில் உண்மை வாயில் வந்துவிட்டது. "இருக்காரு. எழுப்புறேன்."

எம்லின் எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மாலை நெஸ்டா இறந்துவிட்டாள். அவன் அப்போது ஹார்லன் பாயின்ட்டில் இருந்தான். பனியில் வண்டி மாட்டிக்கொண்டதால் மூன்றாம் நாள்தான் வீடு வந்தான். அடக்கம் முடிந்தது, தொட்டிலைப் பரணில் ஏற்றினார்கள், அதற்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. தன்னை அவன் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற வேறு ஒரு வீட்டைத் தேடிக்கொண்டான் என்றுதான் ஆர்டித் நாற்பத்து மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அவனுக்கு அங்கே ஒரு வீடு இருந்ததா, இல்லையா?

ஜூலை மாதம் முதல் வியாழக்கிழமை அவள் கொட்டகைக்குப் போய், நடுத்தர அளவில் ஒரு கொக்குச் சட்டை வாங்கினாள். பெண்களுக்கு அது வேலை செய்யாது என்று ஊரில் பேச்சு. டெல்லா போட்டுப் பார்த்து, தோள்பட்டை அரிப்புதான் மிச்சம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் டெல்லா கொக்கில் வேலை பார்த்ததில்லை. ஆர்டித் பார்த்திருக்கிறாள். யுத்தத்தில் ஆண்கள் எல்லாம் போய்விட்ட 1944ஆம் வருடக் கோடையில், பதினெட்டு வயதில், பதினோரு வாரம் சரக்கு வண்டியில், பிரேக் திருகிக் கொடி காட்டும் பிரேக் ஆளாக ஓடினாள். யுத்தம் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ரயில்காரர்கள் மனைவியின் பிறந்தநாளை மறப்பார்கள், வேலைக்குச் சேர்ந்த தேதியை மறக்கமாட்டார்கள். முதலில் சேர்ந்தவன் மூத்தவன். மூத்தவன் கேட்டால் இளையவன் தன் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தள்ளிவிடுவது என்பார்கள் அதை. எவ்வளவு பெரிய நண்பனாக இருந்தாலும் தள்ளிவிடலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"ஆர்டித் ப்ராசர்? பிரேக் ஆள் பட்டியல்ல பேர் இருக்கு. திங்கக்கிழமை கிழக்குப் பக்கம் ஒரு வேலை காலி."

"கிழக்கு வேண்டாம். இன்னிக்கு ரெண்டு பத்துல பின்னாடிப் பெட்டிக்கு யாரு?"

"ஹோவர்ட் லிண்ட். நாப்பத்தேழுல சேர்ந்தவன்."

"நான் நாப்பத்து நாலு. அவனத் தள்ளிவிடுறேன்."

கம்பியின் அந்தப் பக்கம் பாஸ்கோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மூக்குக் குரல், "சரிதான். இந்த வீட்ல எல்லாரும் எப்பவும் மீன் பிடிக்கத்தான் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றது. ஆர்டித் போனை வைத்துவிட்டாள்.

எம்லின் ஏற்கனவே கிளம்பிப் போயிருந்தான். கொட்டகைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில், கடைசிப் பெட்டியின் படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரக்கு வண்டியின் கண்டக்டருக்குக் கடைசிப் பெட்டிதான் ராஜ்ஜியம். அடுப்பு, மேசை, இரண்டு படுக்கை, மேலே எட்டிப்பார்க்க ஒரு கூண்டு. வேலைக்கு வருவது ஹோவர்ட் என்று நினைத்து, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "லேட்டு" என்றான். நிமிர்ந்தவன் மனைவியைக் கண்டான். கொக்குச் சட்டை, அவனுடைய பழைய கையுறை, மடித்து வைத்த சிவப்புக் கொடி.

"ஆர்டித். நீ எங்க இங்க?"

"வேலைக்கு. ஏன், வரக்கூடாதா? ஹார்லன் பாயின்ட்ல எனக்குத் தெரியக் கூடாதது ஏதாவது இருக்கா?"

அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். ஆமாம், இருக்கிறது. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஸ்டான் முன்னாலிருந்து இரண்டு முறை ஊதிவிட்டான், வண்டி நகர்ந்துவிட்டது. வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. இரண்டு இடத்தில் வண்டி நின்றது. விதிப்படி அவள் இறங்கி, அறுபத்தெட்டு வயது முழங்காலோடு பின்னால் நடந்து போய்க் கொடி காட்டிவிட்டு வந்தாள். ஓரிடத்தில் சைக்கிளில் வந்த ஒரு பெண் அந்தக் கொடியைப் பார்த்து நின்று, பணிவாகக் காத்திருந்தாள். கிழவி ஏன் தனியாக நிற்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

வெயில் இறங்குவதற்கு முன்பே ஹார்லன் பாயின்ட் வந்துவிட்டது. 1982இல் எரிந்துபோன வீடு, மஞ்சள் சாயத்தோடு ஏரியைப் பார்த்து நின்றது. ஓட்டிலி பிராண்ட் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். ஆர்டித் நாற்பது வருடமாகத் தன் மனதில் வைத்திருந்த பெண் சிவந்த முடியும் பெரிய மார்பும் உள்ளவள். இவள் உலர்ந்து போனவள், ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது, மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நீல நூல்.

"நீதானே ஆர்டித்?" என்றாள் அவள். "கறுப்பு நூல்."

"நீதான் நீலமா?"

"நான் தெச்சுத் தெச்சு அனுப்புவேன், நீ பிரிச்சுப் பிரிச்சுப் போடுவ. என் தையல்ல என்ன குறை கண்ட? உன்னோடது ஒவ்வொண்ணும் ஒரு மைல் தள்ளித் தள்ளி இருக்கு."

எம்லின் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, வண்டிக்கு ஏதோ எண்ணெய் பார்க்க வேண்டும் என்று முனகிவிட்டு நழுவினான். கண்டக்டர் எண்ணெய் பார்க்க வேண்டியதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

ஆர்டித் மேசையருகே உட்கார்ந்தாள். எதிரில் புளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பணியாரம், பாதி வெட்டியது. "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது," என்றாள். "என் புருஷன் இந்த வீட்ல உன்கூடப் படுத்தானா?"

ஓட்டிலி கண்ணாடியைக் கழற்றி, அவளை நன்றாகப் பார்த்தாள். "உன் புருஷனோட கால் நாத்தத்துக்கு, ஜன்னலத் திறந்து வெச்சுட்டுப் படுன்னு முப்பது வருஷமா சொல்லியிருக்கேன். அதுக்கு மேல எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாது. அவன் இங்க பேசுவான், அவ்வளவுதான்."

"எம்லினா? பேசுவானா?"

"அப்பா, அந்தப் பேச்சு! சாப்பாடு ஆறிப்போயிடும்."

"எதப் பத்தி?"

"நெஸ்டாவப் பத்தித்தான். வேற எதப் பத்தி?"

நாற்பத்து மூன்று வருடம் கழித்து அந்தப் பெயரை ஒரு அந்நியப் பெண் வாயிலிருந்து கேட்டாள் ஆர்டித். ஓட்டிலி நிறுத்தவில்லை. இடது காதுக்குப் பின்னால் மச்சம். வலது காலில்தான் முதல் செருப்பு போட வேண்டும், இடதில் போட்டால் அழுகை. வெண்ணெயை விரலால் எடுத்துப் பூனைக்குக் கொடுப்பாள். அப்பாவின் விளக்கை "கு" என்பாள். ஆர்டித்துக்கே மறந்துபோயிருந்த ஒன்றிரண்டு அதில் இருந்தன. பணியாரத்தில் கத்தியை வைத்து ஒரு துண்டு வெட்டியபடி, ஏதோ ஊர்ச் சமாச்சாரம்போல ஓட்டிலி மீதியையும் சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கு அவன் தூங்கவே இல்லையாமே. போன் அடிச்சப்போ முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தானாம். இருக்காரு எழுப்புறேன்னு நீ சொன்னது காதுல விழுந்துச்சாம். ஒரு செருமல் செருமியிருந்தாப் போதும், நீ உடனே மாத்திப் பேசியிருப்ப. செருமலையாம். அந்த இருமல் சத்தத்த இன்னொரு ராத்திரி கேக்க முடியாது, யாராவது கூப்பிட்டா ஓடிடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன், கூப்பிட்டாங்க, ஓடிட்டேன்னு சொல்லுவான். ஒவ்வொரு தடவையும் அதுல வந்துதான் நிப்பான். நானும் ஒவ்வொரு தடவையும் காபி ஊத்துவேன்."

ஆர்டித்துக்கு முதலில் வந்தது, வெட்கத்தோடு சொல்ல வேண்டும் என்றால், ஆசுவாசம். அவன் அவளைக் குற்றம் சொல்லவே இல்லை. அதற்குப் பின்னாலேயே வந்தது ஆத்திரம், நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. படுத்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். படுத்தவன் வீட்டுக்கு வந்து பொய் சொல்வான், அது ஒரு வழக்கமான பாவம். இவன் அவளுடைய குழந்தையை நூற்றுப் பன்னிரண்டு மைல் தூக்கிக்கொண்டு போய், வேறு ஒரு சமையலறையில் உட்காரவைத்து வளர்த்திருக்கிறான். எழுந்து மாடிக்குப் போனாள். ஓட்டிலி தடுக்கவில்லை. ஆறு அறை, பன்னிரண்டு கட்டில். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். எதைத் தேடினாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அங்கே யாரும் இல்லை. கம்பெனி தன் பட்டியலில் இருந்த பெயர்களை மட்டும்தான் திரும்பக் கொண்டுவந்திருந்தது. டிரைவர்கள், கண்டக்டர்கள், ஆள் கூப்பிடுகிறவர், ஆட்கள் தங்க ஒப்பந்தம் போட்ட விடுதிக்காரி. நெஸ்டா எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை.

மறுநாள் முற்பகல் கிழக்கு வண்டி கிளம்பியது. கடைசிப் பெட்டியில் மெத்தை வைத்த இருக்கை ஒன்றுதான். மற்றது வெறும் பலகை. எம்லின் பழக்கத்தில் மெத்தையில் உட்காரப் போனான்.

"எந்திரி," என்றாள் ஆர்டித். "நீ நாப்பத்தாறு மார்ச். நான் நாப்பத்து நாலு ஜூன். மூத்தவங்களுக்குத்தான் மெத்தை."

அது விதி. எழுந்து பலகையில் உட்கார்ந்தான். ஏரி பின்னால் போனது. முதல் பாலம் தாண்டும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"முழிச்சிருந்தியா?"

அவன் கையுறையைப் பார்த்தான். "முழிச்சிருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நீ போன்ல உண்மையச் சொல்லிட்டியே, அதையும் பேச வேண்டியிருக்கும். அத நீ தாங்கமாட்டன்னு நெனச்சேன். ஓட்டிலிக்கு அவளத் தெரியாது. தெரியாதவங்ககிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு."

"நாப்பத்து மூணு வருஷம்! மனசுக்குள்ள நீ என்னத் திட்டிக்கிட்டே சாப்பிடுறன்னு நெனச்சுக்கிட்டே உனக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன்டா, பாவி. உப்புக் கொறஞ்சாக்கூட, அதனாலதான் பேசாம இருக்கான்னு நெனைப்பேன்."

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு, ஆர்டித்," என்றான் எம்லின். அவன் அழுததை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழந்தையை அடக்கம் செய்த வாரத்தில்கூட அழாதவன். அவளும் அழுதாள். ஆனால் அவளுடைய கோபம் அழுகையில் கரைகிற ரகம் அல்ல. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பி," என்றாள். "அவகிட்ட சொன்னது எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லு. ஒண்ணு விடக் கூடாது. விட்டா எனக்குத் தெரியும், நேத்தே கேட்டுட்டேன்."

அவன் சொன்னான். நூற்றுப் பன்னிரண்டு மைலும் சொன்னான். மறந்த இடத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள், அவள் தப்பாகச் சொன்ன இடத்தில் அவன் திருத்தினான். பூனையின் பெயரில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை, அதற்கு எட்டு மைல் சண்டை போட்டார்கள். நடுவில் ஒரு நிலையத்தில், வண்டி புறப்படலாம் என்று டிரைவருக்குக் கை காட்ட இருவருமே மறந்துவிட்டார்கள். வண்டி இருபத்தாறு நிமிடம் நின்றது. ஸ்டான் முன்னாலிருந்து ஊதி ஊதி ஓய்ந்துபோனான். அன்றைய கம்பெனிக் குறிப்பில், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், கண்டக்டர் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஆர்டித் இரண்டு முறை போனாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இடத்தை ஹோவர்ட் லிண்டுக்கே விட்டுக் கொடுத்தாள். ஹோவர்டுக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. எம்லின் மட்டும் வாரத்துக்கு இரண்டு நடை தொடர்ந்து போனான். ஊரும் ரயிலோடு வாழப் பழகிக்கொண்டது. இரண்டு பத்துக்குச் சைக்கிள் பாதையில் போகக் கூடாது என்று ஊர்சபை பலகை வைத்தது. வெய்மரின் மீதிருந்த சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவன் ஓர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால், அது குடும்பச் சந்தேகமாக மாறியது. அந்த வகை யாருக்கும் தொந்தரவில்லை. பரணிலிருந்து தொட்டிலை இறக்கி முன்னறையில் வைத்தார்கள். வந்தவர்கள் கேட்டால் இருவரில் யாராவது ஒருவர் சொல்வார்கள், சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில்.

அக்டோபரில், முதல் உறைபனி விழுந்த வாரம், ஹோவர்ட் லிண்ட் மேற்கிலிருந்து திரும்பி வந்தவன், வீட்டுக்குப் போகாமல் நேராக ஆர்டித்தின் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றான். ஓட்டிலி கேட்டு வரச் சொன்னாளாம். எம்லினுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? முன்புபோல இல்லையாம். வருகிறான், பணியாரத்தைத் தின்கிறான், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறானாம். வாயைத் திறப்பதே இல்லையாம்.

ஆர்டித் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கான்னு சொல்லு," என்றாள். "பேச வேண்டியதையெல்லாம் வீட்லயே பேசி முடிச்சுட்டுத்தான் கிளம்புறான்."